திருப்பி வைத்த இன்ஜின்

இங்கிலாந்தின் கிழக்கில், வட கடலை நோக்கிப் புடைத்து நிற்கும் நாஃபொக் மாவட்டத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி கோல்செஸ்டர், இப்ஸ்விச், டிஸ் என்று கடந்து போகப் போக நிலம் படிந்துகொண்டே வருகிறது, வானம் அகன்றுகொண்டே வருகிறது. நான் போனது மே மாதக் கடைசியில். பச்சைப் பார்லி வயல்களுக்கு நடுவே ஃபிளின்ட் கல்லால் கட்டிய பழைய தேவாலயங்கள் தனித்தனியாக நிற்கின்றன. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. நாரிச்சில் இறங்கி, தென்மேற்கே விண்டம் ஊர்ப் பக்கமாகச் சில மைல் போனால் ஹெத்தல். ஊர் என்பதைவிட, நாலைந்து பண்ணைகளும் ஒரு தேவாலயமும் சேர்ந்த இடம் என்பதே சரி.

அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு முள்மரம் இருக்கிறது. 700 ஆண்டு வயது இருக்கும் என்று நம்புகிறார்கள். தண்டு பிளந்து, கிளைகள் தரையில் ஊன்றி, அப்படியும் அந்த மே மாதத்தில் வெள்ளையாகப் பூத்து நின்றது. அந்த ஒரு மரத்துக்காகவே வேலி போட்டு ஒரு சிறு இயற்கைக் காப்பிடம். அதைத் தாண்டியதும் விமானத் தளம் தொடங்குகிறது. 1943 முதல் அமெரிக்கர்களின் 389-ஆம் குண்டுவீச்சுப் படைப்பிரிவு இங்கிருந்து பி-24 லிபரேட்டர் விமானங்களை ஓட்டியது. அவர்கள் வழிபட்ட சிறு கூடம் இன்று நினைவு அருங்காட்சியகம். போர்க்காலத்தில் வரைந்த ஓவியம் இன்னும் அதன் சுவரில் இருக்கிறது. போர் முடிந்து பல ஆண்டு கழித்து, 1966-இல், கான்கிரீட் ஓடுபாதையோடு கிடந்த அந்த நிலத்துக்கு லோட்டஸ் கார் நிறுவனம் குடிவந்தது. ஓடுபாதையின் பகுதிகள் சோதனைத் தடமாயின. வேலிக்கு வெளியே நின்றிருந்தபோது உள்ளே ஏதோ ஒரு கார் கியர் மாற்றி மாற்றிச் சுற்றும் சத்தம் வயல் முழுக்கப் பரவியது.

இந்த இடத்துக்கு நான் வந்தது லோட்டஸ் யூரோப்பா என்ற காருக்காக. கார் என்றால் இன்ஜின் முன்னால் இருக்கும், அல்லது பழைய ஃபோக்ஸ்வாகன் போலப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் என்றுதான் அன்றைய உலகம் பழகியிருந்தது. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் இன்ஜினை வைத்தால் எடையெல்லாம் நடுவில் திரளும், வளைவில் வண்டி சட்டென்று திரும்பும் என்பதைப் பந்தயக்காரர்கள்தான் முதலில் காட்டினார்கள். 1959-இல் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் உலகப் பட்டம் வென்றது அப்படித்தான். மறு ஆண்டு லோட்டஸும் தன் 18-ஆம் மாடலில் அந்த வழிக்கு வந்தது. ஆனால் பந்தயக் காருக்கென்று இன்ஜினும் கியர்பாக்ஸும் தனியாகச் செய்ய முடியும். சாதாரணச் சம்பளக்காரர் வாங்கும் விலையில் அப்படியொரு காரை எப்படிச் செய்வது?

விடை பிரான்சிலிருந்து வந்தது. 1965-இல் ரெனோ 16 என்றொரு குடும்பக் கார் விற்பனைக்கு வந்தது. முன் சக்கரங்களால் ஓடும் கார் அது. மூக்கில் கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் இன்ஜின், இடையில் டிஃப்ரன்ஷியல், எல்லாம் ஒரே கட்டு. லோட்டஸை நிறுவிய காலின் சாப்மனுக்கு அந்தக் கட்டைப் பார்த்ததும் வேறொன்று தோன்றியிருக்கிறது. அதை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி, காரின் பின்பாதியில் உட்கார வைத்தால் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் வந்துவிடும், கியர்பாக்ஸ் வாலுக்குப் போய்விடும். தனியாக எதையும் வார்க்க வேண்டாம், கடைய வேண்டாம். 1966 டிசம்பரில் யூரோப்பா அறிமுகமானது. 1470 சிசி, 82 குதிரைத்திறன், தரையிலிருந்து கூரை வரை 42 அங்குலம். பக்கத்தில் நின்றால் கூரை என் இடுப்பைச் சற்றே தாண்டுகிறது.

ஆக, மாற்றான் வீட்டு இன்ஜினோடுதான் இந்தக் கார் பிறந்தது. 1971-இல் லோட்டஸே அந்த ரெனோ இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஃபோர்டு பிளாக்கின் மேல் தன் இரட்டைக் கேம்ஷாஃப்ட் அலுமினிய ஹெட்டை ஏற்றிய 1558 சிசி இன்ஜினை வைத்தது. கியர்பாக்ஸ் மட்டும் ரெனோவாகவே தொடர்ந்தது. 1975-இல் நிறுத்தும்வரை 9,000-க்கும் சற்று மேற்பட்ட யூரோப்பாக்கள் இந்த வயல்களுக்கு நடுவே பிறந்திருக்கின்றன. பின்னால் வந்த எலீஸ் ரோவர் இன்ஜினோடு தொடங்கி டொயோட்டாவுக்கு மாறியது. இன்றைய எமிராவில் டொயோட்டாவின் ஆறு சிலிண்டரும் மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் நான்கு சிலிண்டரும் இருக்கின்றன. பிறர் இன்ஜினைத் தன் காரின் நடுவில் கச்சிதமாக உட்கார வைப்பது இந்த மண்ணின் கைத்தொழில் என்றே சொல்லலாம்.

அந்தத் தொழிலைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் ஒரு பண்ணைக் களஞ்சியத்துக்குள் நுழைந்தேன். நெல் குதிர் அளவல்ல, பத்து மாட்டுவண்டியை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பெரிய செங்கல் கட்டடம். விவசாய இயந்திரங்கள் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும், தொழிற்சாலை ஒன்றில் அச்சு வார்ப்பு வரைபடங்கள் போடும் அவர் மகளும் அங்கே ஒரு 1972 யூரோப்பாவைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஃபைபர் கிளாஸ் உடலைத் தனியே தூக்கி மரத் தாங்கிகளில் வைத்திருந்தார்கள். நாலு பேர் பிடித்தால் போதும், வந்துவிடுமாம். பக்கத்தில் சேஸிஸ்: மடித்த இரும்புத் தகட்டாலான ஒற்றைப் பெட்டி, இரு இருக்கைகளுக்கு நடுவே ஓடி, பின்னால் இரண்டாகக் கிளைத்து விரிகிறது. அந்தக் கவட்டையில்தான் இன்ஜின் உட்கார வேண்டும்.

மூலையில் ஒரு மடக்கு மேசை, இரண்டு பலகைத் தாடைகளுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாயைக் கவ்விக்கொண்டு நின்றது. உலகெங்கும் தச்சர்கள் வைத்திருக்கும் வொர்க்மேட். அதைக் கண்டுபிடித்த ரான் ஹிக்மன்தான் யூரோப்பாவின் உருவத்தை வரைந்தவரும். லோட்டஸில் வேலை பார்த்த தென்னாப்பிரிக்கர். வரைந்த காரும் கண்டுபிடித்த மேசையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். “அவர் செய்த இரண்டுமே கையில் பிடித்துப் பார்த்தால்தான் அருமை புரியும்” என்றார்.

பழைய இன்ஜின் தனி ஸ்டாண்டில் துணி போர்த்தி இருந்தது. பிளாக்கில் விரிசல். அதைத் தூக்கிப் போடவில்லை. எண் பொறித்த அந்த பிளாக் காரோடேயே இருக்கும், பிறகு என்றாவது தைத்துச் சரிசெய்வார்கள். இப்போது ஏறப்போவது 1993-இல் மொண்டியோ காரோடு வந்த ஃபோர்டு ஸீடெக், 1988 சிசி. ஏன் அதுவே என்று கேட்டேன். மகள் பெல் ஹவுசிங்கின் முகப்பைத் துடைத்துக் காட்டினாள். கியர்பாக்ஸையும் இன்ஜினையும் இணைக்கும் மணி வடிவ உறை அது. 1950-களின் கடைசியில் ஃபோர்டு தன் கென்ட் இன்ஜினுக்கு வகுத்த போல்ட் துளைகளின் அமைப்பை, முப்பது ஆண்டு கழித்துப் பிறந்த ஸீடெக்கும் ஏறக்குறைய அப்படியே சுமந்து வருகிறது. தலைமுறை கடந்தும் துளை துளையோடு பொருந்துகிறது. நான் அன்று பார்த்த அதிசயங்களில் அது ஒன்று.

மேசையில் திறந்து கிடந்த பழைய ரெனோ கியர்பாக்ஸ் ஒன்றைக் கொண்டு இன்னொன்றையும் விளக்கினாள். இன்ஜின் கட்டைத் திருப்பி வைத்தால் சக்கரமும் எதிர்ப்பக்கம்தானே சுற்றும்? ஆமாம், நான்கு ரிவர்ஸும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். உள்ளே பினியன் என்ற சிறு பல்சக்கரம் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தக் கிரவுன் வீல் பினியனுக்கு இடப்பக்கம் இருந்தால் ஒரு திசை, வலப்பக்கம் இருந்தால் மறு திசை. லோட்டஸ்காரர்கள் செய்தது இவ்வளவுதான்: கிரவுன் வீலைத் தூக்கி மறுபக்கம் மாட்டினார்கள். அவள் பினியனைக் கட்டைவிரலால் உருட்ட, எண்ணெய் மினுங்கும் பெரிய சக்கரம் மெல்லச் சுழன்றது. கிரவுன் வீலை எடுத்துத் திருப்பி மாட்டி, அதே பக்கமாகவே மறுபடி உருட்டினாள். இப்போது எதிர்ப்பக்கம் சுழன்றது. ஒரு காரையே சாத்தியமாக்கிய யோசனை உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தது.

இன்ஜினை ஏற்றும் வேலை இன்ஜினில் தொடங்கவில்லை. கியர்பாக்ஸில் தொடங்கியது. இதற்குக் காரணம் யூரோப்பாவின் பின் சக்கரங்கள் நிற்கும் விதம். மற்ற கார்களில் சக்கரத்தைத் தாங்க மேலே ஒரு கை, கீழே ஒரு கை இருக்கும். சுழற்றுவதற்கென்று டிரைவ் ஷாஃப்ட் தனியாக வரும். சாப்மன் மேல் கையையே நீக்கிவிட்டார். நீளம் மாறாத அந்த டிரைவ் ஷாஃப்டே சுழற்றவும் செய்யும், மேல் கையாகச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவும் செய்யும். எடை மிச்சம், செலவு மிச்சம். ஆனால் ஷாஃப்டின் உள்முனை கியர்பாக்ஸில் இருக்கிறது. வளைவில் சக்கரம் வாங்கும் பக்கவாட்டு அழுத்தமெல்லாம் ஷாஃப்ட் வழியாகக் கியர்பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து அதைச் சேஸிஸில் தாங்கும் மவுண்டிங் ரப்பருக்குப் போய்ச் சேர்கிறது. கியர்பாக்ஸ் இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால் இரண்டு சக்கரங்களின் சாய்வும் மாறிவிடும். இந்தக் காரில் இன்ஜின் மவுண்டிங் என்பது சக்கரத்தின் மவுண்டிங்கும்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் பெரிய இன்ஜினைப் பிடித்துத் திணிப்பவர்கள் காரைக் கெடுக்கிறார்கள் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். பாதையில் நிற்கும் குணம் போய்விட்டால் அங்கே குதிரைத்திறன் எத்தனை இருந்து என்ன பயன்?

அதனால் முதலில் சேஸிஸை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி ரசமட்டம் பார்த்தார்கள். நடுக்கோடாக முன்னிருந்து பின்னுக்கு ஒரு நூல் கட்டினார்கள். கியர்பாக்ஸைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து, ஷாஃப்டுகளின் நடுமையத்திலிருந்து இருபுறமும் தூக்குக்குண்டு விட்டு, நூலுக்கும் குண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். இரண்டும் ஒன்றாகும்வரை பெரியவர் தகட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அந்த வேலைக்கே பாதிப் பகல் போயிற்று. அவர் அவசரப்படவே இல்லை. சரியானதும் கியர்பாக்ஸின் போல்ட்டுகளை முறுக்கிவிட்டார்.

பிறகுதான் இன்ஜின். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பிளாக்கையும் ஹெட்டையும் முதலில் பயன்படுத்தினார்கள், தூக்கி இறக்க வசதியாக. சம்ப் என்ற அடி எண்ணெய்த் தொட்டி மொண்டியோவில் ஆழமானது, இங்கே ஆகாது, சேஸிஸுக்குக் கீழே தொங்கி ரோட்டில் இடிக்கும். அதற்குப் பதில் ஆழம் குறைந்த அலுமினிய சம்ப். இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர் ஃபைபர் கிளாஸ் உடலோடு போய்விட்டதால், அதன் அளவுக்கு ஒரு ஒட்டுப்பலகையை வெட்டி அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாள் மகள். செயின் பிளாக்கில் தொங்கிய பிளாக் அங்குலம் அங்குலமாக இறங்கியது. பெல் ஹவுசிங்கின் டவல் பின்கள் துளையின் வாயில் வந்து நின்றதும் பெரியவர் கையால் லேசாகத் தட்டினார். ‘டக்’ என்று உட்கார்ந்தது. ஒட்டுப்பலகைக்கும் முன்பக்க புல்லிக்கும் நடுவே மகள் தன் கையை விட்டுப் பார்த்தாள். பெல்ட்டைப் பிற்பாடு மாற்ற வேண்டுமானால் அந்த இடைவெளியில் ஸ்பேனரோடு கை நுழைய வேண்டும். நுழைந்தது.

இப்போது இன்ஜின் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யத் தேவையில்லை. சக்கரம் கியர்பாக்ஸின் இடத்தைச் சொன்னது, கியர்பாக்ஸ் இன்ஜினின் இடத்தைச் சொல்லிவிட்டது. அது காற்றில் நிற்கும் அந்த இடத்துக்கும் சேஸிஸின் கவட்டைக்கும் நடுவே ஒரு பாலம் கட்ட வேண்டும், அதுதான் மவுண்டிங். அட்டையை வெட்டி வடிவம் பார்த்தார்கள். பிறகு இரும்புத் தகட்டில் வெட்டி, மூலைகளில் மட்டும் டாக் என்ற பொட்டு வெல்டிங் வைத்தார்கள். வெல்டிங்கை முழுதாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். அதனால் டாக் வைத்துக் கழற்றி, தனியே கட்டிப்போட்டு ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். பெரியவர் வைத்த சோதனை ஒன்றுதான்: போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து விட வேண்டும், அது தானாக வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். கம்பி போட்டு நெம்பி நுழைத்தால் அந்த இழுவிசை என்றைக்கும் உள்ளேயே இருந்து ஒருநாள் வெல்டைப் பிளக்கும். இடப்பக்கம் விழுந்தது. வலப்பக்கம் ஒரு நூல் அளவு தட்டியது. தகட்டைக் கழற்றிக்கொண்டு அவர் மறுபடி மேசைக்குப் போனார்.

ரப்பர் விஷயத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை. நேராக நிற்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பிலேயே ஓர் உதறல் உண்டு. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு உதறல். நிமிடத்துக்கு 900 சுற்றில் சும்மா ஓடும்போது நொடிக்கு 30, 6,000 சுற்றில் நொடிக்கு 200. ரப்பர் கடினமாக இருந்தால் அவ்வளவும் சேஸிஸ் வழியே முதுகுக்கு வரும். மெத்தென்று இருந்தால் கியர்பாக்ஸ் அசையும், அதோடு சக்கரமும் அசையும்.

“எல்லாமே கெட்டியா இருக்கட்டும். இது சொகுசு வண்டி இல்லை” என்றார் அப்பா.

“சக்கரத்தோட பாரம் கியர்பாக்ஸ் பக்கம்தான் வருது, அப்பா. அங்க கெட்டியா வைங்க. இன்ஜின் பக்கம் கொஞ்சம் இளக்கம் இருக்கட்டும்” என்றாள் மகள்.

அவர் இன்னொரு கணக்கைச் சொன்னார். முன்னால் இன்ஜினும் பின்னால் டிஃப்ரன்ஷியலும் உள்ள காரில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். இங்கே இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டு. சக்கரம் முன்னோக்கிச் சுழலும் விசைக்கு எதிர்விசையாக அந்தக் கட்டு முழுவதும் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். அதாவது முதல் கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜினின் முன்முனை மேலே எழும். ரப்பர் பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, எழாமல் பிடித்தும் வைக்க வேண்டும். நெடுநேரம் பேசிய பிறகு மகள் சொன்னபடி கியர்பாக்ஸ் பக்கம் கடின ரப்பரும் இன்ஜின் பக்கம் சற்று இளகியதும், அப்பா சொன்னபடி இன்ஜின் ரப்பரின் மேலே எழுச்சியைத் தடுக்கும் ஒரு மூடித் தகடும் என்று முடிவாயிற்று. நான் மகளின் பக்கம்தான். ஆனால் அந்த மூடித் தகடு இல்லாமல் அவள் யோசனை நிற்காது என்பதும் எனக்குத் தெரிந்தது.

பழைய காரில் புது இன்ஜின் வைப்பது அதைக் கெடுப்பதாகும் என்று சொல்பவர்கள் உண்டு. பிறந்தபடியே இருக்க வேண்டிய கார்கள் இருக்கின்றன, அதை ஏற்கிறேன். ஆனால் ஒரு மூலையில் இன்ஜின் இல்லாமல் துரு ஏறிக் கிடக்கும் யூரோப்பாவைவிட ஸீடெக்கோடு நாஃபொக் சாலைகளில் ஓடும் யூரோப்பா மேல். சேஸிஸில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், பழைய மவுண்டிங் துளைகளிலேயே புதிய தகடுகள் உட்காரும்படி இவர்கள் செய்திருக்கிறார்கள். நாளை பழைய பிளாக் சரியானால் இதைக் கழற்றிவிட்டு அதை ஏற்றலாம். புது இன்ஜின் ஏறியதும் பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண்ணை மாற்றி எழுத வேண்டும், அதற்கான படிவமும் தயாராக மேசையில் இருந்தது.

மறுநாள் முழு இன்ஜின் ஏறியது. ஃபிளைவீல், கிளட்ச் எல்லாம் பூட்டி, கிராங்க் முனையில் உள்ள சிறு பேரிங்கின் மையம் கியர்பாக்ஸ் உறையின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்து முன்பே பார்த்திருந்தார்கள். போல்ட்டுகள் நாலும் விரல் பிடியிலேயே இறங்கின. பெரியவர் செயின் பிளாக்கைத் தளர்த்தினார். ரப்பர்கள் சற்றே பிதுங்கி எடையை வாங்கிக்கொண்டன. மகள் மறுபடி நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு அளந்தாள். முதல் நாள் எண்களே வந்தன.

“கிரவுன் வீல் சரியான பக்கம்தானே இருக்கு?” என்று கேட்டார் அப்பா. அந்தக் கியர்பாக்ஸையும் அவர்கள் திறந்து மூடியிருந்தார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முதல் கியரில் போட்டுவிட்டு, முன்பக்க புல்லியில் ஸ்பேனரை மாட்டி என்னிடம் கொடுத்தார். கடிகாரச் சுற்றில் திருப்பச் சொன்னார். நான் ஸ்பேனரை இழுக்க, மாற்றி மாட்டி மறுபடி இழுக்க, மகள் பின்னால் குனிந்து இரண்டு ஹப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிராங்க் பல சுற்று சுற்றினால்தான் ஹப் ஒரு சுற்று சுற்றும், அதனால் சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை.

“முன்னால போகுது. ரெண்டுமே” என்றாள்.

பெரியவர் ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு, வால் பக்கமிருந்து கியர் லீவர்வரை இன்ஜினைச் சுற்றி வர வேண்டிய நீண்ட லிங்கேஜ் கம்பியைக் கையில் எடுத்தார். அடுத்தது அதுதான், புது இன்ஜினின் எக்ஸாஸ்ட் போகும் வழியிலேயே அதுவும் போக வேண்டியிருந்தது.